ஆடி நீங்கிய காமிரா

காடு, வயல், அகழ்வாய்வுக் குழி, நில அளவை முகாம் ஆகிய இடங்களில் பணிபுரிவோர் சுமந்து செல்லும் கருவிகளுள் காமிராவும் ஒன்று. அளவுநாடாவையும் திசைகாட்டியையும் போல அதுவும் ஒரு பதிவுக் கருவியே. ஓர் இலையில் நோய்ப்புள்ளி எவ்வளவு பரவியிருந்தது, ஒரு பூச்சியின் சிறகு எவ்வடிவில் இருந்தது, ஓர் எல்லைக்கல் எங்கு நின்றது என்று பின்னொரு நாளில் வினா எழும்போது படமே சான்றாக முன்வைக்கப்படுகிறது. அத்தகைய கருவியின் உள்ளமைப்பு 2008ஆம் ஆண்டுக்குப் பின் அடியோடு மாறிவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காமிராவின் நடுவே நின்று பணிபுரிந்த ஆடி அகற்றப்பட்டு வருகிறது.

ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, லென்ஸ் மாற்றத்தக்க காமிராக்களில் ஆடியற்றவை ஆடியுள்ளவற்றை எண்ணிக்கையில் மிஞ்சியது 2020ஆம் ஆண்டில். கேனான், நிக்கான் ஆகிய இரு நிறுவனங்களும் தம் முதன்மையான ஆடிக் காமிராக்களைக் கடைசியாக வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. பென்டாக்ஸ் நிறுவனம் 2021இலும் புதிய ஆடிக் காமிரா ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எனினும் பெருவழக்கு திரும்பிவிட்டது. இதனை வணிக நாகரிகம் என்று மட்டும் கருதி விட்டுவிடுதல் பொருந்தாது. ஆடி சென்றதால் படச்சான்றின் நம்பகம் சில வகைகளில் உயர்ந்துள்ளது; ஒரு வகையில் புதிய ஐயத்துக்கும் இடமாகியுள்ளது. களப்பணியாளர் அறிந்துகொள்ள வேண்டியது முக்கியமாக இவ்வையத்தையே.

ஆடி வந்த காரணம்

பிலிம் வழங்கிய காலத்தில் காமிராவுக்கு ஓர் அடிப்படைத் தொல்லை இருந்தது. லென்ஸ் காட்டும் உருவத்தைப் படமெடுப்பவர் காண வேண்டும். அதே உருவம் பிலிமிலும் விழ வேண்டும். ஆனால் பிலிமோ இருட்டில் மூடிக் கிடக்க வேண்டியது. ஆகவே பல காமிராக்களில் பார்ப்பதற்கென்று லென்சுக்கு மேலே தனியாக ஒரு சிறு சாளரம் அமைக்கப்பட்டது. பத்து மீட்டர் தொலைவிலுள்ள மரத்தைப் படமெடுக்க இது போதும். முப்பது சென்டிமீட்டர் தொலைவிலுள்ள வண்டை எடுக்கும்போது சாளரத்துக்கும் லென்சுக்கும் இடையிலுள்ள ஐந்து சென்டிமீட்டர் வேறுபாடே வண்டின் தலையைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும்.

இக்குறையைப் போக்கவே லென்சுக்கும் பிலிமுக்கும் இடையில் 45 பாகைச் சாய்வில் ஓர் ஆடி வைக்கப்பட்டது. லென்ஸ் வழியே வரும் ஒளியை ஆடி மேலே திருப்பித் தேய்த்த கண்ணாடி ஒன்றின்மீது விழச் செய்யும். படமெடுக்கும் கணத்தில் ஆடி எழும்பி வழிவிடும். பின்னர் ஷட்டர் திறக்கும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1936இல் உருவான கீனே எக்ஸாக்டா என்ற காமிரா 35 மில்லிமீட்டர் பிலிமுக்கு இம்முறையைப் பரவலாக்கியது. அதில் மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். உருவமும் இடவலம் மாறித் தோன்றும். 1949இல் அதே நகரிலிருந்து வந்த கான்டாக்ஸ் எஸ் காமிராவில் ஆடிக்கு மேல் ஐங்கோணப் பட்டகம் பொருத்தப்பட்டு, கண்ணுக்கு நேராக, மாறுபாடின்றி உருவம் தெரிந்தது. படமெடுத்தவுடன் ஆடி தானாகவே இறங்கும் அமைப்பை ஜப்பானின் அசாஹிஃப்ளெக்ஸ் 1954இல் பெற்றது. 1959இல் நிக்கான் எஃப் வெளிவந்தபின் தொழில்முறைக் காமிரா என்றாலே ஆடிக் காமிரா என்னும் நிலை உறுதிப்பட்டது.

ஆடிக்குக் கொடுக்கப்பட்ட விலையும் சிறிதன்று. 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பிலிம் சட்டத்துக்கேற்ற ஆடி எழும்பி இறங்க இடம் வேண்டும். அதனால் நிக்கான் காமிராவில் லென்ஸ் பொருந்தும் வளையம் பிலிமிலிருந்து 46.5 மில்லிமீட்டர் முன்தள்ளி நின்றது. 20 மில்லிமீட்டர் குவியதூரமுள்ள அகன்ற கோண லென்சோ இயல்பாகப் பிலிமுக்கு 20 மில்லிமீட்டர் அருகில் நிற்க வேண்டியது. அங்கே ஆடி குறுக்கிடும். ஆகவே, தொலைநோக்கு லென்சைத் தலைகீழாக்கியது போன்ற அமைப்பில் கூடுதலான கண்ணாடிகளைச் சேர்த்துக் குவியத்தைப் பின்னுக்குத் தள்ளினர். லென்ஸ் பருத்தது, விலையும் ஏறியது, ஓரங்களில் உருவம் வளைந்தது.

ஆடி எழும்பும் அதிர்ச்சி மற்றொரு தீங்கு. நுண்ணோக்கியின்மீது பொருத்தி அரை வினாடி முதல் அறுபதில் ஒரு வினாடி வரையுள்ள நேரத்தில் எடுத்த படங்கள் காரணமின்றி மங்கலாக இருப்பதை ஆய்வுக்கூடங்களில் பணியாற்றியோர் நன்கறிவர். ஆடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்திவிட்டு, அதிர்வு அடங்கக் காத்திருந்து படமெடுப்பதே அதற்குரிய மருந்தாக இருந்தது.

ஒளியுணரி வந்தும் ஆடி நின்றது

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் மின்னூட்டங்களைத் தளம் தளமாக நகர்த்தும் சிலிக்கன் கருவியைக் கண்டனர். அதற்காக 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். 1975இல் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அவ்வகை உணரியைக் கொண்டு ஒரு காமிராவை அமைத்தார். பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க அதற்கு 23 வினாடிகள் ஆயின.

பிலிம் இருந்த இடத்தில் உணரி அமர்ந்தவுடனேயே ஆடி தேவையற்றதாகி இருக்க வேண்டும் அன்றோ? உணரி தான் காண்பதைத் தொடர்ந்து ஒரு சிறு திரையில் காட்டக்கூடுமாயின், ஒளியை வேறு வழியில் திருப்ப வேண்டியதில்லை. ஆயினும் அவ்வாறு நடைபெறவில்லை. தொடர்ந்து இயங்கிய உணரி சூடேறியது. மின்கலத்தை விரைவில் காலியாக்கியது. ஒரு படத்தை வாசிக்கவே நெடுநேரம் எடுத்துக்கொண்டது. 1991இல் கோடக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஜிட்டல் காமிரா நிக்கான் எஃப்-3 என்ற பிலிம் காமிராவின் உடலிலேயே கட்டப்பட்டது. அதன் ஆடியும் பட்டகமும் அப்படியே இருந்தன. பின்வந்த டிஜிட்டல் காமிராக்களும் அவ்வழியையே பின்பற்றின.

திருப்பம் வேறோர் உணரியால் நேர்ந்தது. 1990களில் எரிக் ஃபோசம் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் அமெரிக்க விண்வெளித் துறையின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில், ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் தனித்தனிப் பெருக்கி அமைந்த சீமாஸ் உணரியைச் செம்மை செய்தனர். குறைந்த மின்சாரத்தில் விரைந்து வாசிக்க அது இடந்தந்தது. 2008இல் பானசோனிக் நிறுவனம் லென்ஸ் மாற்றத்தக்க, மின்னணுத் திரை வழியாகவே பார்க்கும் ஜி-1 காமிராவை வெளியிட்டது. 2013இல் சோனியின் ஏ-7, பழைய 35 மில்லிமீட்டர் பிலிம் சட்டத்தின் முழு அளவுள்ள உணரியைத் தாங்கி வந்தது. 2018இல் நிக்கானும் கேனானும் புதிய வளையங்களோடு அவ்வழிக்கே வந்து சேர்ந்தன. நிக்கானின் புதிய வளையம் உணரியிலிருந்து 16 மில்லிமீட்டர் தொலைவில் நிற்கிறது. கேனானின் வளையம் 20 மில்லிமீட்டர். அகன்ற கோண லென்சைச் சுற்றிச் செல்லும் வழியின்றி நேராகவே வடிவமைக்க இப்போது இடம் கிடைத்துள்ளது.

ஆடியற்ற காமிரா என்றவுடன் விலையுயர்ந்த புதுப்பொருள் என்று எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொருவர் பையிலுமுள்ள கைபேசியின் காமிரா என்றும் ஆடியற்றதே. 2018-19ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் காமிராப் பொறிகள் வைக்கப்பட்டு, ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம் படங்கள் கிடைத்தன. அவற்றுள் 76,651 படங்களில் புலி இருந்தது. கோடுகளின் அமைப்பைக் கொண்டு ஒவ்வொரு புலியும் தனித்தனியே இனங்காணப்பட்டது. இத்தனை படங்களும் ஆடியில்லாத எளிய பெட்டிகள் எடுத்தவையே.

குவியம் காண்பதில் நேர்ந்த நன்மை

ஆடிக் காமிரா தானாகக் குவியம் காணும் முறை சற்றுச் சுற்றுவழியானது. ஆடியின் நடுப்பகுதி ஓரளவு ஒளியை ஊடுருவ விடும். அவ்வொளியைப் பின்னாலுள்ள ஒரு சிற்றாடி காமிராவின் அடித்தளத்திலுள்ள தனி உணரிக்கு அனுப்பும். லென்சின் இடப்புறத்தின் வழியாகவும் வலப்புறத்தின் வழியாகவும் வந்த இரு உருவங்கள் அங்கே ஒப்பிடப்படும். அவை ஒன்றன்மீது ஒன்று பொருந்தினால் குவியம் சரி. ஆனால் இவ்வொப்பீடு படம் விழும் தளத்தில் நடப்பதன்று. வேறோர் இடத்தில் நடப்பது. இரு தொலைவுகளும் நூலிழை பிசகினாலும் காமிரா குவியம் சரியென்று அறிவிக்கும். பறவையின் கண் மங்கி, பின்னாலுள்ள கிளை தெளிவாகப் பதியும். கரடுமுரடான பாதையில் ஜீப்பில் குலுங்கிய காமிராக்களில் இப்பிழை நேர்வதில் வியப்பில்லை.

ஆடியற்ற காமிராவில் இந்த ஒப்பீடு படம் பதியும் உணரியிலேயே நிகழ்கிறது. 2013இல் கேனான் ஒவ்வொரு படப்புள்ளியையும் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி லென்சின் இடப்புறத்தையும் மறுபாதி வலப்புறத்தையும் காணுமாறு அமைத்தது. பார்க்கும் தளமும் பதியும் தளமும் ஒன்றேயாதலால் பிசகுக்கு இடமில்லை. உணரி இடைவிடாது பார்த்துக்கொண்டிருப்பதால், காட்சியில் விலங்கின் கண் எங்குள்ளது என்பதைக் காமிராவின் கணிப்பொறியே தேடிப் பிடிக்கவும் இயல்கிறது. வனவிலங்குப் பணியாளருக்கு ஆடி நீங்கியதால் கிடைத்த பெரும் பயன் இதுவே எனலாம்; எடைக் குறைவைப் பற்றி விளம்பரங்கள் கூறுவதெல்லாம் இதற்கு அடுத்தபடியே.

வாசிப்பு நேரம்

இனி ஐயத்துக்கு வருவோம். பெரும்பாலான உணரிகள் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் வாசிப்பதில்லை. ஓர் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை மேலிருந்து கீழாகப் படிப்பது போல, மேல் வரி முதல் கீழ் வரி வரை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கின்றன. ஷட்டர் வேகத்தை நாலாயிரத்தில் ஒரு வினாடி என்று அமைத்தாலும், அது ஒவ்வொரு வரிக்கும் உரிய நேரமே. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே முப்பதில் ஒரு வினாடி கழிந்திருக்கக்கூடும். எந்திரத் திரை ஷட்டரும் ஒரு பிளவை நகர்த்தியே படத்தைப் பதிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் லார்டிக் எடுத்த மோட்டார்ப் பந்தயப் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் சாய்ந்திருப்பது அதனாலேயே. ஆயினும் இன்றைய எந்திரத் திரை சட்டத்தைக் கடக்க எடுப்பது சுமார் 250இல் ஒரு வினாடி. ஓசையும் அதிர்வும் இல்லாத மின்னணு ஷட்டரை நாடும்போதுதான் தொல்லை பெரிதாகிறது.

வகுப்பில் இதனை எளிதில் காட்டலாம். மேசை விசிறி நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். வினாடிக்கு 20 சுற்று. முப்பதில் ஒரு வினாடியில் 240 பாகை. கைபேசியை அதன்முன் நிறுத்திப் படமெடுத்தால் விசிறியின் இலைகள் அரிவாள் போல வளைந்தோ, கழன்று மிதப்பன போன்றோ தோன்றும். நல்ல வெயிலில் எடுத்தால் வடிவம் கூர்மையாக விழும். மாணவர் சிரிப்பர். ஆனால் இதே கைபேசி ஒரு தும்பியைப் படமெடுத்தால் சிரிக்க வாய்ப்பில்லை. ஏனெனில் தும்பியின் சிறகு உண்மையில் எவ்வடிவினது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. தும்பி வினாடிக்குச் சுமார் 30 முறை சிறகடிக்கிறது. முப்பதில் ஒரு வினாடி வாசிப்பில் சிறகு ஒரு முழு அடியை முடித்துவிடும். படத்தில் தெளிவாகவும் கூர்மையாகவும் ஒரு வளைந்த சிறகு பதிந்திருக்கும். அவ்வளைவு தும்பிக்கு உரியதன்று; காமிராவுக்கு உரியது. மங்கலான படம் தன் குறையைத் தானே அறிவித்துவிடும், இப்படமோ அறிவிப்பதில்லை.

நில அளவையில் இதற்குப் பொருட்செலவும் உண்டு. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பெற்ற ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்பு நிலங்கள் ட்ரோன் கொண்டு அளக்கப்பட்டு உரிமைப் பத்திரங்கள் வழங்கப்படுகின்றன. பொதுவாக ஒரு ட்ரோன் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறப்பதாகவும், ஒவ்வொரு படப்புள்ளியும் தரையில் 3 சென்டிமீட்டரைக் குறிப்பதாகவும் கொள்வோம். முப்பதில் ஒரு வினாடி வாசிப்பில் ட்ரோன் 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அஃதாவது படத்தின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே பதினொரு புள்ளிப் பிசகு. ஒரு சுவரின் கனத்தைவிட இது அதிகம். அளவைப் பணிக்கெனச் செய்த காமிராக்களில் எந்திர ஷட்டரோ, ஒரே கணத்தில் பதியும் உணரியோ வைக்கப்படுவதும், பறப்பின் பாதையைக் கொண்டு கணிப்பொறியில் பிசகு திருத்தப்படுவதும் இதனாலேயே. பொழுதுபோக்குக்கான ட்ரோனைக் கொண்டு அவசரத்தில் எல்லை அளப்பவர் இதனை மறந்துவிடலாகாது.

வரிவரியாக வாசித்தல் எங்கும் தீங்கென்று கூறுவதும் தவறு. 1988 மார்ச் 17இல் விண்ணில் ஏவப்பட்ட இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளில் இருந்தவை ஒரே வரியில் 2,048 புள்ளிகள் கொண்ட உணரிகள். கோள் முன்னேற முன்னேற அவை வரிமேல் வரியாக நிலத்தைப் படித்தன. கோளின் வேகம் துல்லியமாகத் தெரிந்திருந்ததால் அந்நேர வேறுபாடே படத்தின் ஓர் அச்சாக அமைந்தது. நேரம் தெரிந்தால் பிசகும் அளவாகிவிடுகிறது.

காமிராத் தொழில் இப்பொழுது முனைந்து நிற்பது இவ்வாசிப்பு நேரத்தைக் குறைப்பதிலேயே. ஒளியைப் பெறும் அடுக்கின் கீழ் நினைவகத்தையும் கணக்கிடும் சுற்றுகளையும் தனி அடுக்காக ஒட்டும் முறையை 2017இல் சோனி தன் ஏ-9 காமிராவில் கையாண்டது. 2021இல் நிக்கான் இசட்-9 சுமார் 4 மில்லிசெகண்டில் முழுப் படத்தையும் வாசித்ததால் எந்திர ஷட்டரே இன்றி வெளிவந்தது. 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ-9-III, முழு அளவுச் சட்டத்தில் எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்தில் பதியும் முதல் காமிரா ஆகும். அதற்கும் விலையுண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் மின்னூட்டத்தைக் காத்துவைக்க இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால் ஒளி கொள்ளும் அளவு குறைகிறது. வழக்கமாக 100இல் தொடங்கும் ஐ.எஸ்.ஓ. அளவு அதில் 250இல் தொடங்குகிறது. வெயிலும் நிழலும் கலந்த காட்சியில் நிழலின் நுணுக்கம் சிறிது இழக்கப்படும்.

களத்தில் கருத வேண்டியவை

ஆடிக் காமிரா வைத்திருக்கும் அலுவலகமோ பள்ளியோ அதனை உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மின்சாரம் கிடைக்காத முகாமில் அதற்கு இன்றும் நிகரில்லை. நிக்கான் டி-850 என்ற ஆடிக் காமிராவும் இசட்-7 என்ற ஆடியற்ற காமிராவும் ஏறத்தாழ ஒரே மின்கலத்தைக் கொள்வன. ஒரே அளவீட்டு முறைப்படி முன்னது 1,840 படங்களும் பின்னது 330 படங்களும் எடுக்கவல்லது. தொடர்ந்து எடுத்தால் எண்ணிக்கை உயரும் என்பது உண்மையே. ஆனாலும் மரத்தடியில் அசையாமல் காத்திருந்து பார்த்துக்கொண்டே இருப்பதற்கும் ஆடியற்ற காமிரா மின்சாரம் கேட்கிறது.

லென்சைக் கழற்றும்போது ஆடியற்ற காமிராவின் உணரி பெரும்பாலும் வெளிப்பட்டே நிற்கும். சில காமிராக்கள் ஷட்டரை மூடிக்கொள்ளும். அவ்வசதி இருப்பின் அதனை இயக்கிவைத்தல் நன்று. காற்றில் புழுதி பறக்கும் இடத்தில் காமிராவின் வாய் தரையை நோக்குமாறு பிடித்து மாற்றுதல் வேண்டும்.

சூரியனைப் படமெடுப்பதில் ஆபத்து இடம் மாறியுள்ளது. ஆடிக் காமிராவில் வடிகட்டியின்றித் தொலைநோக்கு லென்சால் சூரியனைப் பார்த்தவர் கண்ணை இழக்க நேரிடும். ஆடியற்ற காமிராவில் கண் காண்பது சிறு திரையை மட்டுமே, கருகுவது உணரி. 2031 மே 21இல் தென்னிந்தியாவில் வளைய சூரிய கிரகணம் தெரியவிருக்கிறது. எவ்வகைக் காமிராவாயினும் லென்சின் முன்புறத்தில் சூரிய வடிகட்டி பொருத்தியே மாணவர்களை அணுக விட வேண்டும்.

பழைய லென்சுகள் வீணாவதில்லை. 46.5 மில்லிமீட்டர் தொலைவுக்கு அமைந்த நிக்கான் லென்சை 16 மில்லிமீட்டர் வளையத்தின்மீது 30.5 மில்லிமீட்டர் நீளமுள்ள இணைப்புக் குழலால் பொருத்தலாம். புதிய லென்சைப் பழைய காமிராவில் பொருத்த இயலாது. ஆகவே வாங்கும் வரிசையைத் தீர்மானிக்கும்போது உடலை முதலில் மாற்றி லென்சைப் பின்னர் மாற்றுவதே சிக்கனம்.

கைபேசிப் படங்களைப் பற்றி ஒரு சொல். கைபேசிகள் பல படங்களை விரைந்து எடுத்து ஒன்றாகக் கலந்தே இறுதிப் படத்தைத் தருகின்றன. அழகுக்கு இது உதவும். இலையின் நோய்ப்புள்ளியின் நிறம் சான்றாக வேண்டுமிடத்தில், கூடுமாயின் உணரியின் செப்பனிடாத தரவையும் உடன் சேமித்தல் வேண்டும். எடுத்த காமிராவையும் பின்னர் செய்த திருத்தங்களையும் மறைகுறி முத்திரையாகப் படத்தோடு பதிக்கும் ஏற்பாடு 2023 அக்டோபரில் லைக்கா எம்11-பி காமிராவில் தொடங்கியுள்ளது. நீதிமன்றத்துக்குச் செல்லக்கூடிய படங்களுக்கு இது பிற்காலத்தில் இன்றியமையாததாகலாம்.

தம் காமிராவின் வாசிப்பு நேரத்தைப் பணியாளர் தாமே அளந்துகொள்ளலாம். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை மாறுவது. அதனால் மலிவான எல்.இ.டி. விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. உயர்ந்த வகை விளக்குகள் மினுக்குவதில்லையாதலால் அவை இதற்கு உதவா. இரவில் அத்தகைய மலிவு விளக்கால் ஒளிபெறும் வெள்ளைச் சுவர் ஒன்றை, மின்னணு ஷட்டரில் ஆயிரத்தில் ஒரு வினாடி வைத்து, சட்டம் நிறையப் படமெடுக்க வேண்டும். சுவரில் ஒளிப்பட்டையும் இருட்பட்டையும் மாறிமாறித் தோன்றும். மேலிருந்து கீழ்வரை உள்ள ஒளிப்பட்டைகளை எண்ணி நூறால் வகுத்தால் வாசிப்பு நேரம் வினாடியில் கிடைக்கும். மூன்று பட்டையாயின் நூறில் மூன்று வினாடி. அடுக்கு உணரிக் காமிராவில் ஒரு பட்டைகூட நிறைவாகத் தெரியாது. அவ்வெண்ணைச் சிறு தாளில் எழுதிக் காமிராவின் அடியில் ஒட்டிவைக்கலாம். சலனப்படம் எடுக்கும்போது பல காமிராக்கள் வேறு எண்ணிக்கையில் வரிகளை வாசிப்பதால், அதற்கு உரிய எண்ணைத் தனியே அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.